திறப்பு முறை

நிலவின் தென்துருவக் குடியிருப்பில் காலையில் பல் துலக்கியதும் எல்லோரும் முந்தைய நாள் நினைவைப் பிடரியில் பதித்த சில்லில் சேமித்துவிடுவார்கள். அந்தச் சில்லுகளைப் பழுது பார்ப்பதுதான் யாழரசியின் வேலை.

இன்று அவள் முன்னால் மயங்கிக் கிடந்தது சொந்தக் கணவன் கொற்றவன். காற்று நிலையத்தின் வெளி ஏணியிலிருந்து விழுந்திருந்தான். உள்ளே இயந்திரம் நின்றுபோயிருந்தது. கதவைத் திறக்கும் கடவெண்ணோ அவன் தலைக்குள். முந்நூறு பேருக்கு நாற்பது நிமிடக் காற்றுதான் மிச்சம்.

அவசரம் என்றாலும் முறை முறைதான். நினைவுக் கோப்பை 'வாசிப்பு' முறையில் திறந்தால் பார்க்க மட்டும் முடியும். 'சேர்ப்பு' முறையில் பார்க்கலாம், கடைசியில் புதிதாக ஒட்டவும் செய்யலாம். 'எழுத்து' முறையில் திறந்தாலோ போச்சு, உள்ளதெல்லாம் துடைத்த பிறகுதான் கோப்பே திறக்கும். 'முறை பாராமல் திறந்தவன் மூளையைத் தொலைத்தான்' என்பது அவர்கள் தொழிலில் பழமொழி.

யாழரசி அவன் கோப்பைத் திறக்க அனுமதி பெற்றவர்களின் பட்டியலைக் கேட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள் வந்தன. செருப்புக் கடை, சோப்புக் கம்பெனி, நிலாச்சோறு பிரியாணிக் கடை. அவள் பெயர் இல்லை.

"அட பாவி மனுசா! கட்டின பொண்டாட்டி பார்க்கக்கூட முடியாது, பிரியாணிக் கடைக்காரன் சேர்க்கவே செய்யலாமா? எதையும் படிக்காம 'சம்மதம்' அமுக்காதேன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேனே!"

உடனே பிரியாணிக் கடைக்காரரை அழைத்தாள். "அப்பாத்துரை அண்ணே, உங்க அனுமதியை எனக்குக் கொஞ்சம் கொடுங்க. உயிர் போற அவசரம்."

"தாராளமா எடுத்துக்கம்மா. ஆனா எங்க வாடிக்கையாளருக்குத்தான் கொடுக்க முடியும். ஒரு படிவம் வரும் பாரு."

பிறந்ததிலிருந்து முட்டை வாசம்கூட ஆகாதவள் அவள். படிவம் தொண்ணூறு பக்கம். காற்று பதினோரு நிமிடம். கண்ணை மூடிக்கொண்டு 'சம்மதம்' அமுக்கினாள்.

பிறகு கணவனின் கோப்பு எந்த முறையில் திறக்கப் போகிறது என்று மூன்று தடவை சரிபார்த்தாள். சேர்ப்பு முறை. அழிக்காது. திறந்தாள், கடவெண்ணைப் படித்தாள், நிலையக் காவலர்களுக்குக் கத்திச் சொன்னாள். கதவு திறந்தது, இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. கூரைக் குழாய்களில் காற்று சீறி வந்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

நண்பகலில் கொற்றவன் கண் விழித்தான். "யாழு... பயந்துட்டியா?"

"பயமா? செத்துப் பிழைச்சேன். இனிமே படிக்காம எதையாவது அமுக்கினே, கையை ஒடிச்சிடுவேன்!" என்று அவன் தலையைக் கோதினாள். "சரி, பசிக்குமே. எனக்கும் ஏனோ நாக்கு ஊறுது. நிலாச்சோறுல ரெண்டு மட்டன் பிரியாணி சொல்லட்டுமா?"