பின் ட்ரெயிலரில் பாரம்

போன் அலறியது.

இராசரத்தினம் பாய்ந்து எடுத்தார். விடிந்ததிலிருந்து இந்த அழைப்புக்காகத்தான் அஜின்கோர்ட்டிலுள்ள லொறிக் கொம்பனி ஆபீசில் குட்டி போட்ட பூனையாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

லொறி பிரண்டுவிட்டது... பார்ட்னர் சிவபாதம் போய்விட்டான்... இதுதான் அவர் எதிர்பார்த்த செய்தி. பாதிப் பங்கை விற்கமாட்டேன் என்று அடம்பிடித்தவன் தொலைந்தால் கொம்பனி முழுதும் அவருக்கு!

பேசியதே சிவபாதம்தான்.

"அண்ணை, யார்டுக்கு வாங்கோ. உங்களுக்காகத்தான் லொறியை இன்னும் எடுக்காமல் நிக்கிறம்."

யார்டில் இரட்டை ட்ரெயிலர் லொறி மாலையோடு நின்றது. சக்கரங்களுக்கு அடியில் தேசிக்காய். புது ட்ரெயிலர் முன்னால், பழையது பின்னால். பூசை செய்த புதுசு பின்னால் போவது சரியில்லை என்று பக்தியோடு சொல்லிப் பூட்டவைத்தவர் இராசரத்தினம்.

பக்தியாவது!

புதுசுக்குள் வெறும் அட்டைப்பெட்டிகள். பழையதற்குள், சிவபாதத்துக்குத் தெரியாமல், இரும்பு. முன்னால் ஒரு சாண் வெட்டித் திருப்பினால் கடைசி ட்ரெயிலர் ஒரு முழம் வீசும். பாரமும் கடைசியில் என்றால்... லொறியையே சரித்துவிடும்!

முதல் ஓட்டம் கைராசிக்காரர் கையால்தான் என்று சிவபாதம் லொறித் திறப்பை நீட்டினான். இராசரத்தினம் முழங்கால் நோகிறது என்றார். கண் மங்கல் என்றார். சிவபாதத்தின் மனைவி யோகமலர் விடவில்லை. போன கிழமைதானே மொன்றியால் வரை ஓட்டினீர்கள் என்றாள்.

"ட்ரெயிலரை மாத்திப் பூட்டுவமே..."

"ஏன் அண்ணை? புதுசு முன்னுக்கு எண்டதே நீங்கள்தானே."

மறுக்க வழியில்லாமல் இராசரத்தினம் ஓட்ட ஏறினார். சிவபாதமும் பக்கத்தில் ஏறிக்கொண்டான்.

401 நெடுஞ்சாலை. இராசரத்தினம் ஊர்ந்தார். பின்னால் ஹோர்ன்கள் திட்டின. கொஞ்சம் மிதியுங்கோவன் என்றான் சிவபாதம்.

திடீரென்று ஒரு சிவப்புக் கார் குறுக்கே வெட்டியது!

"திருப்புங்கோ அண்ணை!"

"ஏலாது... திருப்பினா சரியும்... பின்னுக்கு இரும்பு ஏத்துவிச்சது நான்தான்!"

கார் தானாகவே விலகிப் போனது. இராசரத்தினத்தின் சேர்ட் தொப்பலாக நனைந்திருந்தது.

"தெரியும்," என்றான் சிவபாதம். "சாமான் ஏத்தின நிசாந்தன் நேற்றே வந்து சொன்னவன். விடியமுதலே இரும்பை முன்னுக்கு மாத்திப்போட்டம்."

"பிறகேன்டா என்னை..."

"ஏத்துவிச்சது நீங்கள்தான் எண்டு அவன் சொன்னதை நான் நம்பேல்லை அண்ணை. உங்கட வாயால வரோணும் எண்டு இருந்தன்."

கண்ணாடியில் சிவப்பும் நீலமும் சுழன்றன. பொலிஸ் கார்!

"பொலிசையும் கூப்பிட்டிட்டியா?"

"நான் கூப்பிடேல்லை. 401-இல நடந்து போறமாதிரி ஓடினா ஆர் விடுவான்? ஓரத்தில நிப்பாட்டுங்கோ. அவன் மெதுவா ஓடினதுக்கு மட்டும்தான் தண்ட ரிக்கெற் எழுதுவான்... மிச்சத்தை நான் சொல்லுறன்."