தேய்ந்த ரிம்

பிரவீனா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். கதவு அவள் கண்ணில் படவேண்டும்.

"சாத்தட்டுமா?" என்றாள் ஜாஹ்னவி.

"தாப்பாளும் போடுங்க மேடம்."

பராங்குசம் விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பரிசோதித்துக் கோர்ட்டுக்கு அறிக்கை தருகிறவர். சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு மாடியறைதான் அவர் அலுவலகம். ஜாஹ்னவி புதிதாக வக்கீலானவள். அவருக்கு வழக்குகளைக் கொண்டுவருவாள். எதிலும் முதலில் கொலையைத்தான் பார்ப்பாள்.

மேசைமேல் ஒரு சைக்கிளின் முன்சக்கரம் கிடந்தது. அலுமினிய ரிம், புது டயர். ரிம்மின் பக்கவாட்டுச் சுவர் ஒரு சாண் நீளத்துக்குப் பிளந்து வெளியே சுருண்டிருந்தது. பிளவை ஒட்டிய ஸ்போக் கம்பியில் சிவப்புப் பட்டு நூல் ஒன்று முடிச்சாகக் கட்டியிருந்தது. ஜாஹ்னவி அதை ஒதுக்கிவிட்டுப் பிளவைப் பார்த்தாள். அந்த ஊரில் பட்டு நூல் எங்கேதான் இல்லை?

"சொல்லுங்கோ" என்றார் பராங்குசம்.

"நேத்து காலைல ஆஸ்பத்திரி டியூட்டிக்குப் போய்க்கினு இருந்தேன் சார். தாமல் ஏரிக்கரைலருந்து ஹைவேஸுக்கு இறங்குற சரிவு. பிரேக் புடிச்சேன். வெடி வெடிச்ச மாதிரி சத்தம். அப்புறம் பார்த்தா லாரி டயர். என் சடை மேல நின்னுது."

தலையைத் திருப்பிக் காட்டினாள். முடி கழுத்தோடு நின்றிருந்தது. "வெட்டித்தான் எடுத்தாங்க."

"யார் மேலயாவது சந்தேகமா?"

"கொழுந்தனாரு மேல. ராமராஜன். வேலூர்ல எனக்கு நர்ஸ் வேலை கிடைச்சிருக்குது, திங்கக்கிழமை சேரணும். 'நீ எப்படிப் போறேன்னு நானும் பாக்குறேன்'னு தெருவே கேக்கக் கத்துனாரு. எங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லல. போய்ட்டு வாம்மான்னாரு." குரல் தாழ்ந்தது. "ரெண்டு பேரும் கீழதான் நிக்கிறாங்க. இது விபத்துன்னா நான் அவங்களோட வீட்டுக்குப் போவணும். இல்லன்னா நான் எங்க சார் படுக்குறது? எல்லாருக்கும் ஒரே வீடு."

"ரம்பத்தால அறுத்திருக்கான் சார்!" என்றாள் ஜாஹ்னவி.

"ரம்பம்னா பல் தடம் இருக்கும்மா. இங்கே இல்லை."

பராங்குசம் ஒரு இரும்பு ஸ்கேலை எடுத்தார். பிளவுபடாத இடத்தில் ரிம்மின் பக்கத்தின்மேல் குறுக்கே வைத்து ஜன்னலை நோக்கிப் பிடித்தார். ஸ்கேலுக்கும் ரிம்முக்கும் நடுவே பிறைபோல வெளிச்சம் தெரிந்தது.

"புது ரிம்மோட பக்கம் தட்டையா இருக்கும். வெளிச்சம் வராது. பிரேக் கட்டை உரசி உரசி நடுவுல பள்ளமாச்சுன்னா ரிம் முடிஞ்சது, மாத்தியாகணும். மாத்தலைன்னா உள்ளே இருக்கிற காத்தே ஒருநாள் பிளந்துடும். பிரேக் பிடிக்கிறச்சே வெடிக்கும்."

"அப்போ விபத்தா சார்?" முதல்முறையாகப் பிரவீனாவின் கண் கதவை விட்டு விலகியது.

"சைக்கிள் எப்போ வாங்கினது?"

"இந்தப் பொங்கலுக்கு. மூணு மாசம்தான்."

"மூணு மாசத்துல ரிம் இப்படித் தேயாது." பராங்குசம் ஸ்கேலையும் சக்கரத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்தார். அவள் பார்வை மறுபடி கதவுக்குப் போனது.

தெருவில் பிரவீனாவின் கணவன் தனசேகரன் அவள் கைப்பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். அவன் பட்டுக் கடையில் வேலை பார்ப்பவன். நெசவாளர்கள் கொண்டுவரும் புடவைகளில் குறை பார்ப்பது அவன் வேலை.

"முடிஞ்சுதா சார்? விபத்துதானே? வாம்மா, போலாம். ரொம்ப பயந்துட்டே."

ராமராஜன் சற்றுத் தள்ளித் தன் சைக்கிளோடு நின்றான். ஏரி மீன் விற்கிறவன். அவனுடையதும் அதே கம்பெனி, அதே மாடல், இரண்டு வருடம் பழையது. முன்சக்கரம் இல்லாத பிரவீனாவின் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது.

பராங்குசம் குந்தி உட்கார்ந்தார். பிரவீனாவின் சைக்கிளில் முன் பிரேக் கட்டைகளின் ரப்பர் வரிகள் அழியாமல் இருந்தன. பிறகு ராமராஜனின் சைக்கிளைப் பார்த்தார். அதன் முன் கட்டைகள் இரும்புவரை தேய்ந்து, மணல் குத்தி நின்றன. டயரும் மொட்டை. ஆனால் ரிம் பளபளத்தது. ஸ்கேலை வைத்தார். வெளிச்சம் வரவில்லை.

"தேய்ச்ச கட்டை இங்கே, தேய்ஞ்ச ரிம் அங்கே" என்றார்.

ஜாஹ்னவி ராமராஜனிடம் திரும்பினாள். "உன் சக்கரத்தை அவங்களுக்கு மாட்டிவிட்டியா?"

"இன்னா மேடம் இது! பிரேக் புடிச்சா தட் தட்டுனு இடிக்குதுன்னு அண்ணன் கையில குடுத்தேன். சரி பண்ணிக் குடுத்தாரு. இன்னாண்ணா பளபளன்னு கீதேன்னேன், பாலிஷ் போட்டேன்னாரு. எனக்கு மீனு தவிர இன்னா தெரியும்?"

"நான் பிரேக்கை டைட் பண்ணேன், அவ்ளோதான்" என்றான் தனசேகரன். "பஞ்சர் கடைல எவனாவது தெரியாம சக்கரத்தை மாத்தியிருப்பான்."

"தெரியாம மாத்தறவன் டயரோட மாத்துவான்" என்றார் பராங்குசம். "இவன் டயரைக் கழட்டியிருக்கான். பழைய ரிம்ல இந்தம்மாவோட புது டயரை மாட்டியிருக்கான். புது ரிம்ல தம்பியோட மொட்டை டயர். ஏன்? டயர் பழசா இருந்தா இந்தம்மா பார்த்துடுவா. ரிம்மை யாரும் பார்க்க மாட்டா. மாத்தினவனுக்கு ரிம் முடிஞ்சதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் மறைச்சிருக்கான்."

"சார், அதை நான்தான் செஞ்சேன்னு..."

பராங்குசம் சக்கரத்தை அவனிடம் காட்டவில்லை. பிரவீனாவிடம் திருப்பினார். "இந்த முடிச்சைப் பார்த்திருக்கேளா?"

அவள் சிவப்பு நூலைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"என் கல்யாணப் புடவைல இருக்குது" என்றாள். "கரையில, இழை அறுந்த இடத்துல. எந்தப் புடவைல குறை தெரிஞ்சாலும் அவரு இப்படித்தான் கட்டுவாரு. ஒரு முனையை இழுத்தா அவுந்துடும். என் புடவைல அவுக்க மறந்துட்டாரு."

"கைப்பழக்கம்" என்றார் பராங்குசம். "பள்ளம் ஆழமா இருந்த இடத்துல விரல் நின்னுது, நூலைக் கட்டிடுத்து. அப்போ தம்பிக்குச் சொல்லணும்னுகூட இருந்திருக்கலாம். வேற யோசனை பின்னாடி வந்திருக்கணும். கட்டினது ஞாபகம் இல்லை."

தனசேகரன் கையை நீட்டினான். சக்கரத்தைப் பார்க்கப் போகிறவனைப் போல. இரண்டு விரல் நூலின் முனையைத் தொட்டது. பராங்குசம் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"அவிழ்க்காதீங்கோ. கோர்ட் பார்க்கட்டும்."

தனசேகரன் கையை விடுவித்துக்கொண்டான்.

"கால்ல அடிபட்டா இவ வேலூர் போவமாட்டான்னு நெனைச்சேன் சார்" என்றான் தனசேகரன். அதே மெதுவான குரல். "லாரி வரும்னு யாரு நெனைச்சா?" பிறகு அவளிடம், "வாம்மா. வீட்டுக்குப் போலாம்."

பிரவீனா பின்னால் நகர்ந்தாள். நகர்ந்து நின்ற இடம் ராமராஜனின் முதுகுக்குப் பின்னால்.

"தம்பி, வேலூர் பஸ் எங்க நிக்கும்?"

ராமராஜன் அண்ணனைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான். "நீங்க எப்படிப் போறீங்கன்னு நானும் பாக்குறேன் அண்ணி. கூடவே வந்து பாக்குறேன்."

சைக்கிளைத் திருப்பி, கேரியரைத் தட்டிக் காட்டினான். அவள் ஏறவில்லை. குனிந்து முன்சக்கரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். அது அவளுடைய ரிம்தான். தட்டையாக இருந்தது.

"தள்ளிக்கினே வா" என்றாள்.

தெருமுனைவரை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.