அப்பா அன்று கூப்பிட்டது

நனைந்த குடையைப் பிருந்தா படக்கென்று மடக்கியதில், எதிரே வந்தவன் சட்டையெல்லாம் தண்ணீர்.

"ஏங்க, கண்ணு எங்க..." என்று நிமிர்ந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

செல்வக்குமார்! அதே கண்கள்... சட்டக் கல்லூரி நாட்களில் அவளைக் கண்டால் முதலில் சிரித்துவிட்டு, பிறகுதான் கோபப்படும் கண்கள். இன்று சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"வக்கீலம்மா இன்னும் அம்புட்டு அவசரமாத்தான் வாரீங்களா?"

"நீங்க இன்னும் வழியை அடைச்சுக்கிட்டுத்தான் நிக்கிறீங்களா?"

மேலூர் ரோட்டில் வக்கீல்களுக்கு ஐந்து நாள் சமரசப் பயிற்சி. வாதாட மட்டுமே தெரிந்தவர்களுக்கு, காது கொடுத்துக் கேட்கச் சொல்லித் தருகிறார்கள். நான்கு நாளும் இருவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். ஐந்தாம் நாள் சீட்டுக் குலுக்கினார்கள்... பிரிந்து வாழும் கணவன் மனைவியாக நடிக்க, இவர்கள் பெயர்தான் வந்தது. விதிக்கு வேறு வேலையே இல்லை!

"அவர் சொல்லுவார். நீங்க கேட்டுட்டு, அவர் சொன்னதை மட்டும் திருப்பிச் சொல்லணும்" என்றார் பயிற்சி தந்த முனீஸ்வரி மேடம். "எதையும் சேர்க்கக் கூடாது, மறுக்கக் கூடாது."

கையில் கொடுத்த தாளில் ஏதோ நகைத் தகராறு இருந்தது. செல்வா அதைப் பார்க்கவே இல்லை.

"அஞ்சு வருசம் முன்னாடி எங்கம்மா தாம்பாளத்துல பூ, பழம் வச்சு இவ வீட்டுக்குப் பொண்ணு கேட்டு வந்துச்சு. இவ அப்பா உள்ள பார்த்து அவங்க வீட்டு சௌராஷ்டிர பாஷையில சத்தம் போட்டாரு. எங்களுக்கு ஒண்ணும் விளங்கல. வெளிய வரக் கூடாதுன்னு மிரட்டியிருப்பாரு... இல்லைன்னா இவ வந்திருப்பா. அப்படிச் சொல்லித்தான் அம்மாவைத் தேத்துனேன்."

பிருந்தா வாயைத் திறந்தாள். "உங்க அம்மா பூ, பழத்தோட வந்தாங்க... எங்க அப்பா சத்தம் போட்டார்... மிரட்டி..."

அதற்குமேல் வரவில்லை. "முடியல மேடம்" என்று பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மழை விடவே இல்லை. அவன் ஊருக்குப் போகும் கொட்டாம்பட்டி பஸ் நிற்கும் இடத்தில் அவனுக்காகக் காத்திருந்தாள். வந்தான்.

"ஒரு வரி... அதைத் திருப்பிச் சொல்ல முடியலையா உனக்கு?"

"அது நடக்கவே இல்ல, செல்வா. அப்பா மிரட்டல." "'பிருந்தா, நீயே வெளிய வந்து சொல்லு, உனக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்'னுதான் கூப்பிட்டார். மூணு தடவை கூப்பிட்டார். சித்தப்பா, மாமா எல்லாரும் முறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க... பயத்துல எனக்குக் காலே வரல. நான் வரலைன்னதும்தான் உங்ககிட்ட ஒத்துவராதுன்னு சொன்னார்."

அவன் முகத்தைத் திருப்பி, பஸ் வரும் பக்கம் பார்த்தான்.

"அப்புறம் சொல்ல வெக்கமா இருந்துச்சு. உங்க மனசுலயாவது நான் நல்லவளா இருந்துட்டுப் போறேனேன்னு... இன்னைக்கு வரைக்கும் வேற யாருக்கும் நான் தலையாட்டல, செல்வா. உங்களைத்தான்... உங்களை மட்டும்தான்..."

"மேலூர், கொட்டாம்பட்டி! ஏறு, ஏறு!" கண்டக்டர் விசில் ஊதினார்.

செல்வா ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

"அம்மா போன வருசம் தவறிப்போச்சு, பிருந்தா. 'அந்தப் புள்ளைய அடிச்சாங்களோ என்னவோ, பாவம்டா'ன்னு கடைசி வரைக்கும் புலம்பிக்கிட்டே இருந்துச்சு."

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பஸ் உறுமியது.

"உன் மேல உள்ள ஆசை எனக்கும் போகல. ஒரு நாளும் போனதில்ல" என்றான், அவள் விரல்களை மெல்ல விலக்கியபடி. "ஆனா எங்கம்மா படத்துக்கு முன்னாடி உன்னைக் கூட்டிட்டுப் போயி... நான் என்னன்னு சொல்லுவேன்?"