ஒரு டிரம் குறைகிறது

“ஏங்க... ஏங்க! அதை ஓட்டை போட்டுடாதீங்க!”

அவள் காதில் போட்டுக்கொண்டால்தானே! கடப்பாரையை ஓங்கி ஒரே குத்து... டங்! காலி டிரம்மின் அடியில் கை நுழையுமளவு ஓட்டை.

லாரியிலிருந்து குதித்து ஓடி வந்தவன் தலையில் கை வைத்துக்கொண்டான். வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாளான புது டிரைவர்.

“அநியாயம்ங்க! எவ்வளவு நல்ல டிரம்மு!”

“பளபளன்னு பல்லைக் காட்டினாலும் இங்க குத்துதான்.”

அந்தத் தங்கச் சுரங்கத்தின் ரசாயனக் கிடங்குக்கு அவள்தான் பொறுப்பு. பாறைத் தூளிலிருந்து தங்கத்தைப் பிரிக்கிற சயனைடு, டிரம் டிரம்மாக ஆலைக்குப் போகும். காலி டிரம்கள் அவளிடம் திரும்பி வரும். மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரையும் ஆலைத் தொட்டிக்கே அனுப்பி, கடைசியில் யாரும் வீட்டுக்குத் தூக்கிப்போய்த் தண்ணீர் பிடிக்காதபடி ஓட்டை போட்டுவிடுவாள். லாரிக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர், ஓட்டை ராணி.

முகமூடிக்கு மேலே தெரிந்தது அவள் கண்கள் மட்டும்தான். அவன் அவற்றையே பார்த்தான்... என்ன பார்வைடா இது! அவளுக்குக் கடப்பாரை திடீரென்று கனத்தது. ச்சே, வேலையைப் பாருடி! அவசரமாக டிரம்களை எண்ண ஆரம்பித்தாள்.

முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினாள். முப்பத்தொன்பதுதான்.

“நாப்பது வரணுமே... ஒண்ணு எங்க?”

அவன் சிரிப்பு மறைந்தது. “அது... காலையில முதல்ல ஒண்ணை எங்க அக்கா வீட்டுல இறக்கிட்டேங்க. சோப்பு போட்டு ஏழு தடவை கழுவித்தான்...”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?” அவளையும் அறியாமல் கேட்டுவிட்டாள். “அய்யோ, அது விஷம்ங்க! சோப்புக்கெல்லாம் போகாது! தண்ணி பிடிச்சிட்டாங்களா?”

“நாலு மணிக்குத்தான் குழாய்ல வரும்...”

கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது. அவன் அக்காவுக்குப் போன் போட்டான். மணி அடித்தது, அடித்தது... எடுக்கவே இல்லை.

“வண்டிய எடுங்க!”

லாரி பறந்தது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. அவள் முகமூடியைக் கழற்றி, அவன் போனை வாங்கி மறுபடி போட்டுப் பார்த்தாள். அவன் திரும்பினான்... திரும்பியவன் அப்படியே இருந்துவிட்டான்.

“ரோட்டைப் பாருங்க!”

“பாத்துக்கிட்டுதாங்க இருக்கேன்...”

“நான் ரோடு இல்ல!”

நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில்தான்... முழுக்கப் பயத்தில்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

வீட்டுக்குள் ஓடியபோது டிரம் பாதி நிறைந்திருந்தது. அக்கா சொம்பில் மொண்டு வாயருகே கொண்டுபோயிருந்தாள். ஓட்டை ராணி பாய்ந்து சொம்பைப் பிடுங்கினாள்.

“குடிச்சீங்களா? ஒரு சொட்டாவது?”

“இல்ல... யாரும்மா நீ? என் வீட்டுக்குள்ள வந்து...”

அவன் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னான். அக்காவின் முகம் வெளுத்தது. பிறகுதான் அடுத்த பயம் வந்தது. “சரிம்மா, தூக்கிட்டுப் போங்க. ஆனா மேல எழுதிக் குடுத்துடாத. வேலை போயிடும் அவனுக்கு.”

“எழுதாம விட்டா நாளைக்கு இன்னொருத்தர் தூக்கிட்டுப் போவார்க்கா.”

“அப்ப எழுதிட்டு இந்த வாசப்படிய மிதிக்காத!”

அவன் அவளைப் பார்க்காமலே சொன்னான். “எழுதுங்க. தப்பு என்னோடது.”

சுரங்கத்துக்குச் சொல்லி ஆட்களை வரவழைத்து, டிரம்மை மூடி, கழுவிய தண்ணீர் கொட்டிய மண்ணையும் வெட்டி எடுத்து ஏற்றினார்கள். அன்று மாலை அவள் எழுதினாள். அவன் பெயர் வந்த இடத்தில் மட்டும் பேனா நகரவே மாட்டேன் என்றது. ஒருநாள் பழக்கத்துக்கு இவ்வளவு அழுகையா என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுதி முடித்தாள்.

அவனை ஒரு மாதம் வேலையைவிட்டு நிறுத்தி வைத்தார்கள். ஒரு போன் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. கிடங்கு வாசலில் லாரிச் சத்தம் கேட்டால் அவள் கண் தானாக ஓடியது. வேறு யாராவது இறங்குவார்கள்... போங்கடா என்றிருக்கும்.

முப்பத்தொன்றாம் நாள் அவனே இறங்கினான். கையுறை, முகமூடி எல்லாம் முறையாக மாட்டியிருந்தான்.

“மறுபடி வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க. உடனே ஒத்துக்கிட்டதாலயாம். எல்லா டிரைவருக்கும் நான்தான் இதைச் சொல்லிக் குடுக்கணுமாம்.”

“கோவமா என் மேல?”

“வெக்கம்ங்க. எங்க அக்காவையே கொல்லப் பாத்தேனே... எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வருவேன்?” அவன் குரல் தாழ்ந்தது. “நேத்து மேனேஜர் நீங்க எழுதின தாளைக் காட்டினார். எல்லா வரியும் அச்சு மாதிரி... என் பேர் மட்டும் கோணலா, மை கரைஞ்சு... அதைப் பாத்துதாங்க தைரியமே வந்துச்சு.”

அவளுக்குக் காது வரை சூடேறியது. “அது... மழைத்தண்ணி...”

“ரூமுக்குள்ளயா?”

அவள் மறுபடி டிரம்களை எண்ணப் போனாள்.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. கேட்டுக்கு வெளிய அக்கா நிக்கிறா. உங்களை வீட்டுக்குக் கூப்பிட வந்திருக்கா... மன்னிப்பும் கேக்கணுமாம்.”

யாருக்கும் எதற்கும் விட்டுக்கொடுக்காத ஓட்டை ராணிக்குக் கண் நிறைந்து வழிந்தது.

“ஒரு மாசம்...! ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?” அழுகையும் சிரிப்புமாக அவன் தோளில் ஓர் அடி வைத்தாள். “எனக்கு உங்களை அன்னிக்கே பிடிச்சிருச்சு!”