வரிசையில் முதல் ஆள்

சென்னியப்பன் ஷட்டரைத் தூக்கியதும் சுவரில் அன்றைய வாடகை ஒளிர்ந்தது. கோயம்புத்தூரின் அந்த வணிக வளாகத்தில் வாடகை தினமும் மாறும். எத்தனை கால்கள் வாசலில் நின்றன, எத்தனை கண்கள் சரக்கைப் பார்த்தன என்று எண்ணி, சுவருக்குள் இருக்கும் கட்டடமதி என்ற செயற்கை மூளை விலை சொல்லும். பேரம் பேசலாம். மரியாதையாகவே கழுத்தை அறுக்கும்.

லைனிங் துணி விற்கும் சென்னியப்பனுக்கு அன்று பேரம் பேசத் தெம்பில்லை. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. சேர்த்ததையெல்லாம், இந்த வளாகத்தை வைத்திருக்கும் சொத்து முதலீட்டு அறக்கட்டளையில் முன்னுரிமைப் பங்குகளாகப் போட்டிருந்தார். ஓட்டு கிடையாது, ஆனால் லாபத்தில் மற்ற பங்குதாரர்களுக்கு முன்னால் இவருக்குக் கொடுத்தாக வேண்டும். அதை நம்பித்தான் கடையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார முடிவு செய்திருந்தார்.

“காலி பண்றேன். பங்குப் பணம் தவறாம வந்துருமில்ல?”

“வந்தா மொதல்ல உங்களுக்குத்தானுங்க” என்றது கட்டடமதி.

“வராட்டி?”

“அப்பவும் வரிசைல மொத ஆளு நீங்கதானுங்க.”

சென்னியப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தார். “ஏன் வராமப் போகுது?”

“அது வாடகைல இருந்து வர்றதுங்க. நீங்க போனா அந்த வாடகை நின்னுரும். புதுசா கடை போட ஆளில்லீங்க. பறவைவண்டி எல்லாச் சாமானையும் வீட்டு மொட்டைமாடிலயே எறக்கிட்டுப் போகுதே.”

“அப்பப் பங்கை வித்துக் குடு.”

“போன வருசமே பங்குச்சந்தைப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. வாங்க ஆளிருந்தா கூட்டிட்டு வாங்க.”

உடம்பு ஓய்ந்தாலும் வியாபார மூளை ஓயாது. சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். “பக்கத்துச் செருப்புக்கடைக்கு வாடகையை ஏத்து. பொங்கியண்ணன் தாங்குவான். என் பங்கும் பத்திரமா இருக்கும்.”

“நல்ல யோசனைங்க. ஆனா அவரும் அதே பங்குதான் வெச்சிருக்காருங்க. அவரும் காலி பண்றேன்னுதான் வந்தாரு. உங்களுக்கு ஏத்தச் சொன்னாரு. மாடி முச்சூடும் அப்படித்தான் சொன்னாங்க. பங்குதாரர் கவலையைத் தீர்க்கச் சொல்லி எனக்கு உத்தரவு. எல்லாருக்கும் ஏத்திட்டேன். யாரும் கெளம்பாத வரைக்கும் பங்கு தவறாதுங்க.”

வெளியே வந்தார். பொங்கியண்ணன் வாசலில் நின்றிருந்தான்.

“காலி பண்றீங்கன்னு கேள்விப்பட்டேன். அவசரப்படாதீங்கண்ணா.”

“நீ மட்டும் எங்க போறதா இருந்த?”

பொங்கியண்ணன் எதிரே கை காட்டினான். எதிர்க்கடையில் பொத்தான் விற்கும் சாந்தாமணி அட்டைப்பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். இருவரும் ஒரே நேரத்தில் நகர்ந்தார்கள். அந்த முழங்கால்களுக்கு அது ஓட்டம்தான்.

“என்னங்கண்ணா, நான் போனா உங்களுக்கென்ன?”

“நீ போயிட்டா எங்களுக்கு வேற என்ன இருக்குது அம்மிணி” என்றார் சென்னியப்பன். முப்பது வருட வியாபாரத்தில் அவர் கலப்படமில்லாமல் சொன்ன ஒரே வார்த்தை அது.

பொங்கியண்ணன் அதற்குள் கயிற்றை அவிழ்த்து, பெட்டிகளை அலமாரியில் திரும்ப அடுக்கத் தொடங்கியிருந்தான்.