பொட்டு வைத்த ஃபைல்

விஜயதசமியன்று காலையில் பட்டாபி முதல் டம்ளர் காபியைக்கூட முடிக்கவில்லை, வாசல் மணி அடித்தது. பக்கத்துப் பேட்டையான டாக்குரியாவிலிருந்து ரோஹிணி வந்து நின்றாள். அழுது சிவந்த கண்கள், கையில் ஒரு நீல அட்டை ஃபைல்.

பட்டாபியின் மனைவி விஜயலக்ஷ்மி துறைமுக ஆபீஸில் முறைகேடுகளைத் துருவும் விஜிலன்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். லேக் கார்டன்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் எது காணாமல் போனாலும் அவளிடம்தான் வருவார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிட வேண்டுமென்று பட்டாபிக்கு ஒரு துடிப்பு. இதுவரை ஒருவரைக்கூடச் சரியாகப் பிடித்ததில்லை, பாவம்.

"பி.எச்.டி. அப்ளிகேஷன் ஃபைலைக் காணோம் மாமி," என்றாள் ரோஹிணி. "நாப்பத்து மூணு வயசுல மகளிரியல்ல சேரணும்னு கிளம்பினேன். ஒரிஜினல் மார்க் ஷீட், நான் வேலை பாக்கற ஸ்கூல் குடுத்த அனுமதி லெட்டர், நான் பேட்டி எடுத்த ஆறு பேரோட சம்மதக் கையெழுத்து, அந்தப் பேட்டிகளை வெச்சு எழுதின ஆராய்ச்சிச் சுருக்கம், எல்லாம் அதுலதான். பூஜா லீவ் முடிஞ்சு ஆபீஸ் திறக்கற அன்னிக்கே கடைசி நாள். ஸ்கூல்ல மறுபடி லீவ் தர மாட்டா. இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான்."

முந்தின நாள் மாலை சரஸ்வதி பூஜையில் புத்தகங்களோடு அந்த ஃபைலையும் அடுக்கிப் பட்டுத்துணி போர்த்தியிருந்தாள். மறுநாள் காலைப் பூஜை முடியும்வரை அதிலிருந்து எதையும் எடுத்துப் படிக்கக் கூடாது. இன்று துணியை விலக்கினால் அதே நீல நிறத்தில் வேறு ஃபைல். உள்ளே அவள் கணவன் சதீஷின் கார் இன்ஷூரன்ஸ் காகிதங்கள்.

"சதீஷேதான்," என்றார் பட்டாபி. "நீ படிக்கப் போறேன்னதும் அவன் முணுமுணுத்தது எனக்கே தெரியும்."

"அவர்தான்னா நான் அந்த வீட்டுல எப்படி இருக்கறது மாமா?" ரோஹிணி ஃபைலை விஜயலக்ஷ்மியிடம் நீட்டினாள். பட்டாபிக்கு ஏன் வாயைத் திறந்தோம் என்று ஆகிவிட்டது.

விஜயலக்ஷ்மி ஃபைலை வாங்கிப் பார்த்தாள். அட்டையில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம். "இது நீ வெச்ச பொட்டா?"

"இல்லையே. புஸ்தகத்துக்கெல்லாம் வெச்சேன், ஃபைலுக்கு வெக்கலை. ஈரம் உள்ளே இறங்கி மார்க் ஷீட் கறையாயிடும்னு பயம். சதீஷ்கூட, இதுக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனைன்னு கேலி பண்ணினார்."

"அப்புறம் எல்லாரும் எங்கே போனேள்?"

"துர்கா பூஜைப் பந்தல் பாக்க. பூஜைக்கு வந்திருந்த மன்னிக்கு மட்டும் முழங்கால் வலி, எங்க வீட்டுலயே இருந்துட்டா."

மன்னி என்றது சதீஷின் அண்ணன் அனந்தகிருஷ்ணனின் மனைவி கோமதியை. ஜாதவ்பூரில் இருப்பவள். மாற்றலாகி ஊர் ஊராய்ப் போகும் அதிகாரிகளின் மனைவிகளைப் பற்றித்தான் ரோஹிணியின் ஆராய்ச்சி. பேட்டி கொடுத்த ஆறு பேரில் கோமதியும் ஒருத்தி.

மாலையில் விஜயதசமி இனிப்பு கொண்டுவரும் சாக்கில் எல்லோரும் ரோஹிணி வீட்டில் கூடினார்கள். தெருவில் துர்கை சிலைகளைக் கரைக்கக் கொண்டுபோகும் விசர்ஜன ஊர்வலத்தின் மேளம். விஜயலக்ஷ்மி நிதானமாகப் பேசினாள்.

"சதீஷ் எடுக்கலை. ஃபைல் இருக்கறது அவர் வீட்டுல, என்னிக்கு வேணும்னாலும் எடுத்திருக்கலாம். தன் கார் பேப்பரையே வெச்சு மாட்டிக்கவும் மாட்டார்."

"அவசரத்துல வெச்சிருக்கலாமே," என்றார் பட்டாபி.

"ஏன்னா, பொட்டு இல்லைன்னு கேலி பண்ணினதே அவர்தானே. அவர் மாத்தி வெச்சிருந்தா பொட்டில்லாமதான் வெச்சிருப்பார். எடுத்தவ கையில இருந்ததும் பொட்டில்லாத ஃபைல்தான். அதைப் பாத்தும் புதுசுக்குப் பொட்டு வெச்சிருக்கா. ஏமாத்தத் துணிஞ்சவளுக்கு, சரஸ்வதி முன்னால வெறுமனே ஒண்ணை வெக்க மனசு வரலை." விஜயலக்ஷ்மி திரும்பினாள். "கோமதி, நேத்து தனியா இருந்தது நீங்கதான். பேட்டியில சொன்னது வெளியில வந்துடும்னு பயந்தேளா?"

அனந்தகிருஷ்ணன் டி.வி.யை அணைத்தார். கோமதி தன் பையிலிருந்து ஃபைலை எடுத்து ரோஹிணியின் மடியில் வைத்தாள். ஒரு காகிதம்கூடக் கசங்கவில்லை.

"எடுத்தது நான்தான். பயம்னு சொன்னதுதான் தப்பு."

விஜயலக்ஷ்மி தப்பு செய்து பட்டாபி பார்த்ததே இல்லை. இருந்தும் அவருக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

"நான் சொன்னதை நீ எப்படி எழுதியிருக்கேன்னு பாக்க ஆசையாத் திறந்தேன்," என்றாள் கோமதி. "போன ஊர்லெல்லாம் நான் மிஸஸ் அனந்தகிருஷ்ணன். ஏழு ஸ்கூல்ல வேலை கிடைச்சது, ஏழையும் விட்டேன். ஒருத்தியாவது என்னை உக்கார வெச்சுக் கேட்டாளேன்னு இருந்தேன். உள்ளே பாத்தா பேரே இல்லை, நான் வெறும் நாலாம் நம்பர். அப்படியே பத்திண்டு வந்தது. கிழிக்கத்தான் எடுத்தேன், முடியலை."

"பேரை மறைக்கறது உங்க பாதுகாப்புக்குத்தான் மன்னி," என்றாள் ரோஹிணி. அவளுக்கே தன் குரல் பிடிக்கவில்லை. "நீங்க கேட்டா நிஜப் பேரே போடலாம். நான்தான் உங்களைக் கேக்கலை."

"இப்போ கேளு."

ரோஹிணி சம்மதக் காகிதத்தை எடுத்தாள். அனந்தகிருஷ்ணனை ஒரு தடவை பார்த்தாள். "அண்ணாவைப் பத்தியும் நிறையச் சொல்லியிருக்கேளே. பேர் போட்டா அவரும் படிப்பாரே."

கோமதி கணவன் பக்கம் திரும்பவில்லை. பேனாவுக்குக் கையை நீட்டினாள்.

"படிக்கட்டும். முப்பது வருஷமா அவர் கேக்காததுதானே எல்லாம்."