ஐயா சாப்ட்டாச்சு

இன்றைக்கும் செவலை நாய் களியைத் தின்னவில்லை. சட்டியிலிருந்த உருண்டையைக் குட்டியைத் தூக்குவதுபோல நோகாமல் கவ்வி எடுத்துக்கொண்டு, கொல்லையைக் கடந்து வைக்கோல்போருக்குப் பின்னால் போய்விட்டது.

வேளை மாறியது நாய்க்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் கண்ணாத்தாள் நினைத்திருந்தாள். ஆடி பிறந்ததுமே கொழுந்தன் ஆண்டியப்பன் சட்டம் போட்டுவிட்டான். "மண்ணெண்ணெய் எங்கிட்டும் கெடைக்கலை மதினி. வெளிச்சத்துலயே ஒலையை எறக்கிருங்க. நாய்க்கும் அப்பவே போட்டுக் கட்டிருங்க. ராத்திரியில அது கொல்லைப்பக்கம் திரிய வேணாம்."

அதுவரை செவலைக்குச் சோறு இரவில்தான். அவள் கணவன் வீரய்யா உண்டு முடித்துக் கடைசிக் கவளத்தை உருட்டிப் போடுவான். ரங்கூன் அரிசி ஆலையில் ஆட்காட்டி விரலைப் பறிகொடுத்த கை அது. அவன் உண்ணாமல் நாய் வாய் வைக்காது. அவன் மறுபடி கப்பலேறியதும் பட்டினி கிடந்தது. கண்ணாத்தாள் ஒரு பொய்யைக் கண்டுபிடித்தாள். அவன் உட்காருகிற இடத்தில் வட்டிலை வைத்து எடுத்து, "ஐயா சாப்ட்டாச்சு" என்பாள். உடனே தின்னும். ரங்கூனில் குண்டு விழுந்து, கடிதம் நின்று, ஊரார் அவள் முகத்தை விட்டுக் கழுத்துத் தாலியைப் பார்க்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பொய்யை அவள் விடவில்லை.

"நெலத்தை என் பேருக்கு மாத்துங்க மதினி" என்பான் ஆண்டியப்பன்.

"ஒங்க அண்ணன் வந்து மாத்துவாக."

"வருவாரு, வருவாரு. கடல்ல நீந்தி வருவாரு."

இன்று மத்தியானம் திருவரங்குளத்திலிருந்து பிச்சைமுத்து வந்தான். வீரய்யாவோடு அதே ஆலையில் வேலை பார்த்தவன். கன்னம் ஒட்டி, கம்பு ஊன்றி வாசலில் நின்றான்.

"வீரய்யா எங்க தங்கச்சி? ஆனிக் கடைசியில ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே புதுக்கோட்டையில ரயில் எறங்குனோம். நான் காய்ச்சல்ல விழுந்து இப்பத்தான் எந்திரிச்சு வாரேன். அவன் அன்னைக்கே இங்கிட்டு நடந்துட்டானே."

அவளுக்குத் தண்ணீர் கொடுக்கக்கூடத் தோன்றவில்லை.

ஆடி பிறப்பதற்கு முந்தின இரவு கொல்லையில் லாந்தர் வெளிச்சம் அசைந்ததும், வைக்கோலைப் பிரித்து அடுக்குகிற சரசரப்புக்கு நடுவே மண்வெட்டி கல்லில் பட்டதும், என்ன தம்பி என்று கேட்டதற்கு "பாம்பு மதினி, நீங்க படுங்க" என்று ஆண்டியப்பன் மூச்சு வாங்கச் சொன்னதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. மறுநாள்தான் மண்ணெண்ணெய் இல்லை என்று சட்டம் போட்டான்.

இப்போது அவள் செவலையின் பின்னால் போனாள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மழையில் நனைந்த வைக்கோலின் புளித்த வாடை. அதற்கடியில் வேறொரு வாடை. போரின் அடியில் களியுருண்டைகள் வரிசையாகக் கிடந்தன. காய்ந்தவை, எறும்பு மொய்த்தவை. அவள் உருட்டியபடியே, எதிலும் பல் படாமல். தான் உண்ணாமல், உண்ண வேண்டியவனுக்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

இன்றைய உருண்டையை மட்டும் காணோம்.

செவலை வைக்கோலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. வால் மண்ணைத் தட்டியது. காற்றில்லை. வைக்கோல் அசைந்தது. உள்ளே மெல்லுகிற சத்தம். நிதானமாக. பசித்தவன் மெல்லுவதுபோல.

சத்தம் நின்றது.

பாதி உருண்டை ஒன்று வைக்கோலுக்குள்ளிருந்து உருண்டு வந்தது. புதிதாகப் பிடித்த பிடி. களியில் கட்டைவிரல் போக மூன்று விரல் பள்ளம். ஆட்காட்டி விரல் படவேண்டிய இடம் வழுவழுவென்று இருந்தது.

இம்முறை அவள் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. செவலை தின்றது.

வீட்டிலிருந்து ஆண்டியப்பனின் குரல். "நாய் தின்னுருச்சா மதினி? கட்டியாச்சா?"

கண்ணாத்தாளின் கை தாலியைப் பற்றியது.

"ஐயா சாப்ட்டாச்சு" என்றாள்.

வீட்டுக் கதவு திறந்தது. காலடி. கொல்லைத் தரையில் லாந்தர் வெளிச்சம் ஆடி ஆடி நெருங்கியது. செவலை குரைக்கவில்லை. தலையைத் தாழ்த்திக் கொடுத்தது.

அதைத் தடவ வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. நான்கு விரல். நகமெல்லாம் மண்.